தங்கச் சிள்வண்டு கழற்றிய ஓடு

அறுபத்து மூன்று பக்கம். எல்லாம் சீன எழுத்து. இன்ஸ்பெக்டர் ஸ்வப்னா அந்தக் கட்டை மேசையில் வைத்துவிட்டு, அதன்மேல் தமிழில் அச்சடித்த ஒற்றைத் தாளை வைத்தார்.

"இது கம்ப்யூட்டர் பண்ணுன மொழிபெயர்ப்பு. படிச்சா தலைவலிதான் வருது. நீங்க பாருங்க."

முத்துச்செல்வி பார்த்தாள். 'தங்க வண்டு தோல் உரி. சிறிய கருப்பு ஓடு. இருபத்தாறு.' அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து சிரிக்கக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சிரிங்க, பரவாயில்ல. இத வச்சுக்கிட்டுத்தான் ஒரு வாரமாத் தங்கக் கடத்தல்னு அலைஞ்சுக்கிட்டு இருக்கோம்."

முத்துச்செல்விக்கு முப்பத்தொரு வயது. டிப்ளமோ முடித்த கையோடு சென்னைப் பக்கம் ஒரு செல்போன் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவள். அங்கே சீனாவிலிருந்து வந்திருந்த லியூ என்கிற பெண்ணோடு ஒரே மேசையில் சாப்பிட்டுச் சாப்பிட்டே முதலில் பத்து வார்த்தை, பிறகு நூறு வார்த்தை, ஆறு வருடத்தில் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்குகிற அளவுக்குச் சீனம் வந்துவிட்டது. இப்போது நாகமலை புதுக்கோட்டையில் வாடகை வீடு. அம்மா பாண்டியம்மாள், தம்பி, அவள். இயந்திரங்களோடு வரும் சீனக் கையேடுகளை வீட்டிலிருந்தே மொழிபெயர்த்துக் கொடுக்கிறாள். அடுத்தவர் வயலில் நாற்று நட்டு இரண்டு பேரையும் படிக்கவைத்த பாண்டியம்மாள், மகள் திரையில் தட்டுகிற எழுத்துகளைப் பார்த்து, "கோலம் போடுற மாதிரில இருக்கு" என்பாள்.

சீனம் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டுமென்று போலீஸ் கேட்டபோது பல்கலைக்கழகத்தில் யாரோ அவள் நம்பரைக் கொடுத்திருந்தார்கள். வழக்கைப் பற்றி வெளியே பேச மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் அன்று காலை உட்கார்ந்தாள்.

விஷயம் இதுதான். வெளியூர் லாட்ஜ் ஒன்றில் எவனோ விட்டுவிட்டு ஓடிய கைபேசி. அதில் இரண்டு சீனர்கள் மாதக்கணக்கில் பேசிக்கொண்ட அரட்டை. மதுரைக்குள் எங்கோ ஓர் இடத்தில் சிம் பாக்ஸ் வைத்திருக்கிறார்கள் என்பது மட்டும் போலீசுக்குத் தெரியும். நூற்றுக்கணக்கான சிம் கார்டுகளைச் செருகி வைக்கிற இயந்திரம் அது. வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு ஏமாற்றுகிறவன் பேசினால், நம் ஊர் நம்பரிலிருந்து பேசுவதுபோலக் காட்டும். இடம் எதுவென்றுதான் தெரியவில்லை.

"இதுல தங்கம் ஒண்ணும் இல்ல மேடம்," என்றாள் முத்துச்செல்வி. "நாலே எழுத்து. ஜின் ச்சான் துவோ ச்சியாவ். தங்கச் சிள்வண்டு ஓட்டைக் கழற்றுதுன்னு அர்த்தம். மரத்துல 'ரீ'ன்னு கத்துமே, அந்தச் சிள்வண்டு."

"பூச்சிக்கு எதுக்குத் தங்கம்?"

"அவங்களுக்கு அது சாதாரணப் பூச்சி இல்ல மேடம்." அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இதையெல்லாம் கேட்க மதுரையில் யார் இருக்கிறார்கள்? "அந்தக் காலத்துல செத்தவங்க நாக்கு மேல பச்சைக்கல்லுல சிள்வண்டு செதுக்கி வச்சுப் புதைப்பாங்களாம். மண்ணுக்குள்ள வருசக்கணக்காக் கிடந்துட்டு ஒருநாள் மேல வந்து பறக்குதுல்ல, அதே மாதிரி இவங்களும் எந்திரிச்சு வருவாங்கன்னு. பெரிய அதிகாரிங்க தொப்பியில அதோட உருவத்தை வச்சுக்குவாங்க. போன தடவ ஜெயிச்ச டீம் இந்தத் தடவையும் ஜெயிச்சா, அந்த வார்த்தையிலயும் சிள்வண்டு வரும்."

"சரி, ஓட்டைக் கழற்றுறது?"

"சிள்வண்டு பறந்துபோனப்புறம் ஓடு மரத்துலயே ஒட்டிக்கிட்டு நிக்கும். கண்ணு, காலு, நகம் எல்லாம் அப்படியே. தூரத்துலருந்து பாக்குறவன் பூச்சி இன்னும் இருக்குன்னு நெனச்சுப் பிடிக்கப் போவான். கையில வெறும் தொலிதான் வரும். மாட்டிக்கிற நேரத்துல ஒரு பொம்மைய நிக்கவச்சுட்டுத் தான் மட்டும் நழுவுறதுக்கு அவங்க சொல்ற வார்த்தை அது."

ஸ்வப்னா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப இருபத்தாறாம் தேதி தப்பிக்கப் போறாய்ங்க. யாரையோ நிக்கவச்சுட்டு." நாள்காட்டியைப் பார்த்தார். அன்று இருபத்துநான்கு. "எந்த இடம்னு இருக்கா பாருங்க. சீக்கிரம்."

அவர் போனில் அழைப்பு வந்தது. வீட்டிலிருந்து போலும். சௌராஷ்டிர மொழியில் வேகமாக இரண்டு வார்த்தை பேசிக்கொண்டே வெளியே போனார். முத்துச்செல்வி முதல் பக்கத்திலிருந்து தொடங்கினாள்.

மதுரை ஆள் ஒருவனைப் பற்றி அடிக்கடி வந்தது. சியாவ் ஹெய் என்று எழுதியிருந்தார்கள். சின்னக் கருப்பன் என்பதுபோல ஒரு செல்லப் பெயர். தெருநாய்க்குக்கூட அந்தப் பெயர் வைப்பார்கள் என்று லியூ சொல்லியிருக்கிறாள். சியாவ் ஹெய் கெட்டிக்காரன், ஏசி பழுதானால் ஆள் கூப்பிடாமல் அவனே ஏறிச் சரிசெய்துவிடுகிறான். சியாவ் ஹெய் எது சொன்னாலும் நம்புகிறான். வாடகை ஒப்பந்தம் சியாவ் ஹெய் பெயரில். இன்டர்நெட் இணைப்பு சியாவ் ஹெய் பெயரில். 'பாவப்பட்ட பயல்' என்று பென்சிலால் ஓரத்தில் எழுதினாள். பிறகு, போலீஸ் தாளில் கண்டதையெல்லாம் எழுதக் கூடாதென்று அழித்தாள்.

இருபத்தேழாம் பக்கம்.

'மார்ச் 11. சியாவ் ஹெய் மூன்று நாள் விடுப்புக் கேட்கிறான். அவன் அம்மா பேருந்திலிருந்து இறங்கும்போது விழுந்துவிட்டாராம்.'

மார்ச் பதினொன்று. காளவாசல் நிறுத்தம். பாண்டியம்மாள் இறங்குவதற்குள் டிரைவர் வண்டியை எடுத்துவிட்டான். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கூடவே இருந்தவன் அவள் தம்பி கருப்பு.

ஊரில் தினம் எத்தனை அம்மாக்கள் பஸ்ஸிலிருந்து விழுகிறார்கள் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த வரியைப் படித்தாள்.

'அவனை ஏன் கருப்பன் என்கிறாய்? நிறத்தை வைத்தா?'

'இல்லை. அவன் பெயரே அதுதான். அர்த்தம் கேட்டேன், சொன்னான்.'

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தாள் படபடத்தது. அதை அமுக்கிப் பிடித்த கை தன்னுடையதுதானா என்று அவள் பார்த்தாள். சர்வர் ரூம் டெக்னீஷியன் என்றுதான் கருப்பு சொல்லியிருந்தான். காளவாசலில் ஆபீஸ், மெத்தைக் கடை மாடியில், நல்ல ஏசி. சேர்ந்த புதிதில், "அக்கா, எங்க சார்கிட்டச் சீனாக்காரங்க வீடியோல பேசுறாங்க. ஒருநாள் வந்து பேசேன்" என்றான். வேலை கிடக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தாள்.

அவள் பக்கங்களைப் புரட்டினாள். படிக்கவில்லை, தேடினாள். நாற்பத்தொன்றில் கிடைத்தது.

'அவன் அக்காவுக்குச் சீனம் தெரியுமாம். போட்டோ காட்டிப் பெருமைப்படுகிறான். ஆபத்தில்லையா?'

'பயப்படாதே. குளிர்காலத்துச் சிள்வண்டுபோல வாயடைத்துக் கிடப்பாள். வாயைத் திறந்தால் உள்ளே போவது அவள் தம்பிதான்.'

கடல் தாண்டி எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவன், முகம் தெரியாதவன், அவளைப் பற்றி இதை எழுதி இரண்டு மாதமாகிறது. இந்த நாற்காலியில் அவள் உட்காரப்போவதை முன்கூட்டியே பார்த்துவிட்டவன்போல எழுதியிருந்தான். முத்துச்செல்வி அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தாள். எழுந்து தாழ்வாரத்துக்கு வந்தாள். ஸ்வப்னா தூரத்தில் முதுகைக் காட்டி நின்று பேசிக்கொண்டிருந்தார்.

கை தானாகப் போனை எடுத்து அழுத்தியது.

"என்னக்கா, சாப்ட்டியா?" கருப்பின் குரல். பின்னால் இரைச்சல், நூறு மின்விசிறிகள் ஒன்றாக ஓடுவதுபோல.

"எங்கடா இருக்க?"

"ஆபீஸ்லதான். ஏன், அம்மாவுக்கு எதுவுமா?"

ஓடிப்போ என்று ஒரு வார்த்தை. அது தொண்டைவரை வந்தது. எங்கே ஓடுவான்? எல்லாத் தாளிலும் அவன் கையெழுத்து. ஓடினால் அவன்தான் குற்றவாளி என்று அவனே சொன்னதாக ஆகிவிடும்.

"அக்கா? கேக்குதா?"

"ஒண்ணுமில்லடா. சாப்பிடு." போனை அணைத்தாள்.

திரும்பினால் ஸ்வப்னா எதிரில் நின்றார்.

"மேடம், இதுல வர்ற மதுரை ஆளு, சியாவ் ஹெய்ங்கிறது என் தம்பி. பேரு கருப்பு. இடம் காளவாசல். இப்பத்தான் அவனுக்குப் போன் பண்ணுனேன். ஆனா எதுவும் சொல்லல."

ஸ்வப்னாவின் முகம் முதலில் வெளுத்தது. பிறகு இறுகியது. கையை நீட்டினார். "போனைக் குடுங்க." வாங்கிக்கொண்டார். "இனி நீங்க மொழிபெயர்ப்பாளர் இல்ல. புரியுதா? ஒரு வரிகூட எழுதக் கூடாது."

"புரியுது மேடம். ஆனா நாற்பத்தொண்ணாம் பக்கத்தை யாரையாவது வச்சுப் படிக்கச் சொல்லுங்க. அவனத்தான் நிக்கவச்சுட்டுப் போகப் போறாய்ங்க."

"அத நான் பாத்துக்கறேன். ஜீப்ல ஏறுங்க. இடத்தைக் காட்டணும்."

காளவாசல் முனையில் வெயில் கொளுத்தியது. மெத்தைக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. பெயர்ப்பலகை இல்லை. ஜீப்பிலேயே இரு என்றுதான் சொன்னார்கள். அவளால் முடியவில்லை. போலீஸ்காரர்களுக்குப் பின்னாலேயே படியேறினாள்.

கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே கல்யாண வீட்டுச் சீரியல் செட் போட்டதுபோலப் பச்சை விளக்குகள் வரிசை வரிசையாக மினுக்கிக்கொண்டிருந்தன. நடுவில் கருப்பு, தரையில் சம்மணம் போட்டு, பாண்டியம்மாள் கட்டிக் கொடுத்த தயிர்சாதத்தைத் தின்றுகொண்டிருந்தான். வேறு ஒருவரும் இல்லை. மேனேஜர் மேசையின் இழுப்பறைகள் திறந்து கிடந்தன. சுவரில் கேமரா இருந்த இடத்தில் இரண்டு துளை.

"மேனேஜர் எங்க?" என்றார் ஸ்வப்னா.

"டீ குடிக்கப் போனாரு மேடம்." கருப்பு எச்சில் கையோடு எழுந்து நின்றான். "காலையில ஒம்பது மணிக்கு."

மணி பன்னிரண்டே முக்கால். இருபத்தாறு வரை அவர்கள் காத்திருக்கவில்லை.

அப்போதுதான் அவன் அக்காவைப் பார்த்தான். போலீஸ் தொப்பிகளுக்கு நடுவில் அவள் முகம். "அக்கா? நீ எப்படி..." என்றவன், அவளுக்கு முன்னால் நின்ற ஸ்வப்னாவைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். அவன் வாய் திறந்தபடியே இருந்தது. உதட்டோரத்தில் ஒரு சோற்றுப் பருக்கை. கையைக் கழுவிக்கொள்ளவாவது விடுங்கள் என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலம் பாண்டியம்மாள் அழவில்லை. பிசகின காலை நீட்டியபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"நீயாத்தா கூட்டிட்டுப் போய்க் காட்டுன?"

"ஆமாம்மா."

"போன்ல பேசுனியாமே. அப்பவும் ஒரு வார்த்தை சொல்லலயா?"

"சொல்லலம்மா."

"ஒரே வயித்துலதான ரெண்டு பேரும் கிடந்தீங்க." அதற்கப்புறம் பத்துப் பன்னிரண்டு நாள் அவள் மகளோடு பேசவே இல்லை. சோறு வைத்தாள், தண்ணீர் வைத்தாள். பேச்சு மட்டும் இல்லை.

வழக்கை எடுத்துக்கொண்டவர் பக்கத்துத் தெரு வக்கீல் பீமாராவ். பாண்டியம்மாள் வேலைபார்த்த அதே வயல்களில் வேலைபார்த்த வீட்டிலிருந்து சட்டம் படித்து வந்தவர்.

"சிக்கல் எங்க இருக்குன்னு சொல்றேன் கேளு," என்றார். "உன் தம்பியக் காப்பாத்துறது அந்த ஒத்த வரிதான். அதோட சரியான அர்த்தத்தைச் சொல்றது நீ. நீ அவன் அக்கா. கோர்ட்டுல உன் பேச்சு காத்துக்குச் சமம். கைல இருக்கிறது அந்தக் கம்ப்யூட்டர் தாளு. 'சிறிய கருப்பு ஓடு.' அத அரசு வக்கீல் எப்படிப் படிப்பாரு தெரியுமா?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஏய் சின்னக் கருப்பு, ஓடுன்னு," என்றாள் மெதுவாக.

"அதேதான். கூட்டாளிய ஓடச் சொல்லி எச்சரிச்ச மாதிரி."

சீனத்தில் 'சியாவ் ஹெய்தான் அந்த ஓடு' என்று தெளிவாக இருந்த வரி. சிள்வண்டு கழற்றிப் போடும் தொலி. தமிழுக்கு வந்தபோது அதுவே ஓடிப்போ என்கிற கட்டளையாகிவிட்டது. தாய்மொழியே தன் தம்பிக்குக் குழி பறிக்கும் என்று அவள் எந்தக் காலத்திலும் நினைத்ததில்லை.

முதல் ஜாமீன் மனு தள்ளுபடியானது. அரசு வக்கீல் அந்த வரியை இரண்டு முறை உரக்கப் படித்தார். இரண்டாவது முறை 'ஓடு'வில் நிறுத்தி அழுத்தினார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த முத்துச்செல்விக்கு எழுந்து நின்று கத்த வேண்டும்போல் இருந்தது. பீமாராவ் திரும்பிப் பார்த்துக் கண்ணாலேயே உட்காரச் சொன்னார்.

ஆனால் ஸ்வப்னா சொன்னதைச் செய்திருந்தார். அந்த அறுபத்து மூன்று பக்கமும் டெல்லிக்குப் போயிருந்தன. அங்கே ஒரு மொழிபெயர்ப்பாளர். அவருக்குக் கருப்பையும் தெரியாது, கருப்புக்கு ஓர் அக்கா இருப்பதும் தெரியாது. இருபதாம் நாள் அறிக்கை வந்தது. 'தங்கச் சிள்வண்டு ஓட்டை விட்டுச் செல்வதுபோல நாம் நழுவிவிட வேண்டும். விட்டுச் செல்லப்படும் ஓடு அந்த உள்ளூர் ஊழியன்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. நாற்பத்தொன்றாம் பக்கமும் அப்படியே. நீதிபதி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். இருபத்துமூன்றாம் நாள் ஜாமீன்.

சிறை வாசலில் கருப்பு வெளியே வந்தபோது அவன் பாதியாகியிருந்தான். பாண்டியம்மாளைக் கூட்டி வரவில்லை. முத்துச்செல்வி மட்டும் நின்றாள். அவன் அருகில் வந்தான். அடிப்பான் என்றுகூட நினைத்தாள்.

"பீமாராவ் அண்ணே எல்லாம் சொன்னாரு," என்றான். "ஓடுன்னு சொல்லியிருந்தா ஓடியிருப்பேன்கா. நல்லவேளை சொல்லல."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவன் தோளைப் பிடித்தாள். "போதும்டா. வா, அம்மா காத்துக்கிட்டு இருக்கு. உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எல்லாருக்கும் புரிஞ்சுபோச்சு."

அவன் நகரவில்லை.

"தெரியும்கா."

"என்னடா தெரியும்?"

"ரெண்டு மாசமாத் தெரியும்." அவன் சாலையைப் பார்த்தே பேசினான். "ஒரு சிம் வேலை செய்யலன்னு கழட்டி என் போன்ல போட்டுப் பாத்தேன். அந்த நேரம் பாத்து ஒரு கால் வந்துச்சு. வயசான பொம்பள. நான் ஹலோங்கிறதுக்குள்ள அழுதுக்கிட்டே, 'ஐயா, நீங்க கேட்டதெல்லாம் அனுப்பிட்டேன்யா, எம்மகன மட்டும் அரஸ்ட் பண்ணிராதீங்க'ன்னு சொல்லுச்சு. என்னைப் போலீஸ்னு நெனச்சிருச்சு. அப்பத்தான் அந்த மெசின் எதுக்குன்னு எனக்குப் புரிஞ்சது."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. கட் பண்ணிட்டேன். சிம்ம உடைச்சுப் போட்டுட்டேன். எல்லாத்துலயும் என் கையெழுத்து இருந்துச்சேக்கா. யார்கிட்டப் போய்ச் சொல்ல? மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனேன்."

முத்துச்செல்வி அவன் தோளிலிருந்து கையை எடுத்தாள். எடுத்தது அவளுக்கே தெரியவில்லை. இருபத்துமூன்று நாளாக ஒவ்வொருவரிடமும் என் தம்பிக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்லிவந்த வாய் உலர்ந்துபோயிருந்தது. தெரிந்தபிறகும், பிடிபடும்வரை தினமும் இவன் அந்தத் தயிர்சாத டப்பாவைத் திறந்து, அந்தப் பச்சை விளக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான்.

"அந்தம்மா நம்பர் இருக்கா?" என்றாள் கடைசியில்.

"எழுதி வைக்கல." அவன் கண்ணை மூடிக்கொண்டு பத்து எண்களையும் தடுமாறாமல் சொன்னான். "மறக்க மாட்டேங்குது."

வீட்டுக்குப் போகிற பஸ் வந்தது, போனது. அவர்கள் ஏறவில்லை. ஆட்டோ பிடித்து ஸ்வப்னாவிடம் போனார்கள். வழியில் பீமாராவுக்குப் போன் செய்தபோது அவர் முதலில் கத்தினார். "இதைச் சொன்னா அவன் மறுபடி உள்ள போகலாம், தெரியுமா?" பிறகு குரலைத் தணித்தார். "நான் வாரேன். வர்றவரைக்கும் வாயத் திறக்காதீங்க" என்றார்.

அவர் வந்தார். கருப்பு எல்லாவற்றையும் சொன்னான். ஸ்வப்னா எழுதிக்கொண்டார். பிறகு அந்த நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் வைத்தார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"அம்மா, நாங்க மதுரை போலீஸ் பேசுறோம்—"

"ஐயோ, அம்மா!" அந்தக் குரல் நடுங்கியது. "நீங்க சொன்னபடியே இருக்கேன்மா. வாசப்படி தாண்டல. யார்கிட்டயும் மூச்சு விடல. ஜன்னலக்கூடத் தொறக்கல. அம்புட்டும் நீங்க சொன்னபடிதான்."

பத்தொன்பது வருடம் காக்கி போட்டிருந்த ஸ்வப்னா பேனாவைக் கீழே வைத்தார். போலீஸ் என்று சொல்லித்தானே அடைத்துவைத்தார்கள்? அதே போலீஸ் என்று சொல்லி எப்படித் திறப்பது?

"இப்ப எம்புட்டு நாள் ஆச்சும்மா?" என்றார் கடைசியில்.

"அறுவத்தெட்டு நாளும்மா. பால்காரர் மட்டும் வாசல்ல பாலும் மளிகைச் சாமானும் வச்சுட்டுப் போவாரு. மகன் துபாய்ல இருந்து போன் பண்ணுவான், நல்லா இருக்கேன்னு சொல்லிருவேன்."

கருப்பு மேசைமேல் குனிந்தான். யாரும் அவனைத் தடுக்கவில்லை.

"அம்மா, என் பேரு கருப்பு. அன்னைக்கு நீங்க அழுதப்ப போன எடுத்தது நான்தான். நான் போலீஸ் இல்ல. உங்ககிட்டப் பேசுனவய்ங்க யாரும் போலீஸ் இல்ல. உங்க மகன் மேல ஒரு கேசும் இல்ல. அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லல. கதவத் தொறந்து பக்கத்து வீட்டுக்குப் போங்கம்மா."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, "கேசு இல்லையா?" என்று கேட்டார் அந்த அம்மா. அவர் பெயர் அன்னக்கொடி. அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர். அன்று மாலையே உள்ளூர் போலீஸ் போய்ப் பார்த்தபோது, பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலில் கண் கூசி நின்றிருந்தாராம்.

கருப்பு அந்த வழக்கில் சாட்சியாகவில்லை; குற்றம் சாட்டப்பட்ட இரண்டாம் எதிரியாகவே இருக்கிறான். ஜாமீன் மட்டும் ரத்தாகவில்லை. அவன் வாக்குமூலத்தை வைத்து மேனேஜரைப் பிடித்துவிட்டார்கள். அரட்டை அடித்த அந்த இருவரும் எங்கே என்று யாருக்கும் தெரியாது. முத்துச்செல்வி தினமும் தம்பிக்குச் சோறு எடுத்துவைக்கிறாள், அவனோடு பேசுகிறாள், வாய்தா நாளில் கூடவே கோர்ட்டுக்குப் போகிறாள். ஆனால் அவன் எதையாவது சாதாரணமாகச் சொல்லும்போதுகூட, பஸ் லேட்டாயிருச்சு என்று சொல்லும்போதுகூட, ஒரு நொடி அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிறாள். அது அவனுக்கும் தெரியும்.